துணைப்பாடமாகப் புவியியல்: பேர்லேண்ட் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேரும் பிள்ளை வீட்டுக்கு இரண்டு புதுச் சொற்களைக் கொண்டு வருகிறது: மேஜர், மைனர். மேஜர் என்பது முதன்மைப் பாடம்; பட்டம் அதன் பெயரிலேயே கிடைக்கும். மைனர் என்பது துணைப்பாடம். மேஜர் எது என்பதில் எம்மவர் வீடுகளில் பெரிய விவாதம் நடப்பதில்லை. கணினி, பொறியியல், தாதியியல், மருத்துவத்துக்கு முந்திய உயிரியல் என்று நாலைந்துக்குள் முடிந்துவிடும். மைனரைப் பற்றிப் பேசுவோர் இன்னும் குறைவு. பிள்ளை "புவியியலை மைனராக எடுக்கப் போறன்" என்று சொன்னால் மட்டும் வீடு விழித்துக்கொள்ளும். "அது ஆர்ட்ஸ் பாடமெல்லோ, அதைப் படிச்சு என்ன செய்யிறது?"

ஹூஸ்டனுக்குத் தெற்கே, பேர்லேண்டிலும் அதைச் சுற்றியும் வாழும் குடும்பங்களை மனதில் வைத்து அந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்லலாம். நியூ ஜேர்சியிலோ கலிபோர்னியா வளைகுடாப் பகுதியிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; விதிகளும் எண்களும் மட்டும் அங்கே வேறுபடும்.

ஊரில் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதிதல்ல. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுக் கலைமாணி படித்தவர் மூன்று பாடங்களைச் சமமாகப் படித்தார். சிறப்புக் கலைமாணி படித்தவர் ஒன்றை ஆழமாகப் படித்து, பக்கத்தில் ஒரு துணைப்பாடத்தையும் வைத்துக்கொண்டார். அமெரிக்க மைனர் அந்தத் துணைப்பாடத்துக்குக் கிட்டிய உறவு. ஆனால் இங்கே கணினிப் பொறியியல் படிக்கும் பிள்ளையும் புவியியலைத் துணையாக வைக்கலாம்; கலைப்பீடம், விஞ்ஞானபீடம் என்ற மதில் அவ்வளவு உயரமில்லை. எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு உயர்தரத்தில் எடுத்த பிரிவே வாழ்நாள் விதியாக இருந்தது. போதாததற்கு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபின், எந்த மாவட்டத்தில் இருந்து பரீட்சை எழுதினோம் என்பதும் விதியானது. வரைபடத்தில் போட்ட ஒரு கோடு யார் மருத்துவபீடம் போவது என்று தீர்மானித்த நாட்டிலிருந்து வந்தவர்கள், புவியியல் உதவாத பாடம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

இனி கணக்கைப் பார்ப்போம். டெக்சாஸ் அரச பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 120 அலகுகள் வேண்டும். வழமையான ஒரு பாடம் 3 அலகு. இதில் 42 அலகுகள் மாநிலம் முழுவதற்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களுக்குப் போய்விடும்: ஆங்கிலம், கணிதம், வரலாறு, அரசாங்கம், விஞ்ஞானம் போன்றவை. மேஜருக்கு 45 அலகு என்று வைத்துக்கொண்டால் 33 அலகு மிஞ்சும். மைனர் ஒன்றுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அலகுகள், அதாவது ஐந்து அல்லது ஆறு பாடங்கள் தேவை. மிஞ்சிய இடத்துக்குள் அது வசதியாக அமர்ந்துவிடும். எப்படியும் எதையாவது எடுத்து நிரப்ப வேண்டிய இடம் அது. சிதறலாக ஆறு பாடங்கள் எடுப்பதற்குப் பதிலாக ஒரே துறையில் எடுத்தால், பெறுபேற்று ஆவணத்தில் அதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பொதுவாகப் பட்டச் சான்றிதழில் மைனர் அச்சாவதில்லை. பெறுபேற்று ஆவணத்தில் வரும். வேலைக்கு விண்ணப்பிக்க அது போதும்.

பொறியியல் பிள்ளைகளின் கணக்கு வேறு. அவர்களுடைய பாடத்திட்டம் ஏற்கெனவே 120ஐத் தாண்டி நிற்கும்; விருப்பப் பாடத்துக்கு இடமே இருக்காது. அங்கே மைனரைத் திணித்தால் ஒரு தவணை கூடிவிடும். டெக்சாஸில் இன்னொரு விதியும் உண்டு. பட்டத்துக்குத் தேவையான அலகுகளுக்கு மேல் 30ஐத் தாண்டி எடுத்தால், மாநிலவாசிக்கான குறைந்த கட்டணத்துக்குப் பதிலாக வெளிமாநிலத்தவருக்கான கட்டணத்தை அறவிடப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு. கூட்டாட்சி உதவிப்பணமும் பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாடங்களுக்கே உரியது. ஆகவே மைனர் பாடங்கள் விருப்பப் பாட அலகுகளுக்குள் அடங்குகின்றனவா என்பதைக் கல்வி ஆலோசகரிடம் முதலிலேயே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுத்தில் வாங்கி வைப்பது புத்தி. இடமில்லை என்றால் புவியியல் தகவல் முறைமை பற்றிய இரண்டு பாடங்களை மட்டும் எடுப்பது மேல். பெயருக்காக ஒரு தவணைக் கட்டணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செலவைக் குறைக்க வழி உண்டு. உயர்நிலைப் பாடசாலையில் ஏ.பி. மானிடப் புவியியல் என்றொரு பாடம் இருக்கிறது. அதன் பரீட்சை முதன்முதலில் 2001இல் நடந்தது. பல பாடசாலைகளில் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளே அதை எழுதுகிறார்கள். 5க்கு 3 புள்ளி பெற்றால் டெக்சாஸ் அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாக அலகு கிடைக்கும். அடுத்த வழி சமுதாயக் கல்லூரி. டெக்சாஸ் முழுவதும் முதலாண்டுப் பாடங்களுக்குப் பொது எண்கள் உள்ளன. புவியியலில் 1301 என்றால் பௌதிகப் புவியியல், 1302 மானிடப் புவியியல், 1303 உலகப் பிரதேசப் புவியியல். பேர்லேண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அல்வின் சமுதாயக் கல்லூரி போன்ற ஓரிடத்தில் இந்த எண்ணில் படித்த பாடத்தை நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றுவது பெரிய சிக்கலல்ல.

எங்கே படிப்பது? இது எல்லா இடத்திலும் கிடைக்கும் பாடமல்ல. ஹார்வர்ட் 1948இல் தன் புவியியல் துறையை மூடியது. மிச்சிகன், சிக்காகோ, கொலம்பியா 1980களில் மூடின. ஐவி லீக் எனப்படும் எட்டில் டார்ட்மவுத்தில் மட்டுமே இன்று புவியியலுக்குத் தனித் துறை உண்டு. ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் இல்லை. பெரும் பெயர்களைத் துரத்தும் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மறுபக்கத்தில், டெக்சாஸின் அரச பல்கலைக்கழகங்கள் இதில் வலுவானவை. சான் மார்க்கோஸில் உள்ள டெக்சாஸ் ஸ்டேட், ஒஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், கொலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆகிய மூன்றிலும் கலாநிதிப் பட்டம் வரை புவியியல் உண்டு. நியூ ஜேர்சியில் ரட்கர்ஸ், வளைகுடாப் பகுதியில் பேர்க்லி. மைனர்கள் ஆண்டுக்காண்டு தோன்றும், மறையும். பிள்ளை சேர்ந்த ஆண்டின் கையேட்டில் என்ன இருக்கிறது என்பதே செல்லும்.

பாடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம். பெற்றோரின் நினைவில் புவியியல் என்றால் படவேலை. இடவிளக்கப் படத்தைப் பார்த்துச் சமவுயரக் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டு முகம் வரைவது. பருவக்காற்றுக்கு அம்புக்குறி போடுவது. உலகப் படத்தில் கோதுமைக்கு ஒரு நிறமும் சோளத்துக்கு ஒரு நிறமும் தீட்டுவது. இந்த அடிப்படை இன்றும் போகவில்லை. பென்சிலின் இடத்தில் கணினி வந்திருக்கிறது. மழை, உயரம், மண், வீதி, வீட்டுவிலை, நோய், வாக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு படலம்; ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கேட்கிறார்கள். இதற்கான மென்பொருளில் பெயர்போனது, 1969இல் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் தொடங்கிய ஈஸ்ரி நிறுவனத்தினுடையது. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளும் உண்டு. வீட்டுக் கணினியில் இன்றைக்கே இறக்கிப் பழகலாம்.

விளக்கத்தை இதோடு நிறுத்திவிட்டு, பேர்லேண்டையே ஒரு பாடமாக எடுத்துப் பார்க்கலாம். புவியியல் ஆசிரியர்கள் செய்வதும் அதுதான்: முதலில் நிற்கிற இடம்.

நகரின் பெரும்பகுதி பிரசோரியா கவுண்டியில் இருக்கிறது. ஓரங்கள் ஹரிஸ், போர்ட் பெண்ட் கவுண்டிகளுக்குள் நீள்கின்றன. 1894இல் நகரத்திட்டம் வரையப்பட்டபோது இது ரயில் பாதையோரச் சிற்றூர். பெயர் சொல்வதுபோல் பேரி மரங்கள் நின்ற நிலம். 1900ஆம் ஆண்டு கல்வெஸ்டன் சூறாவளி அதைப் பிய்த்தெறிந்தது. நூறு ஆண்டு கழித்து, 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சனத்தொகை 37,640. 2010இல் 91,252. 2020இல் 125,828. இருபது ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல். 288ஆம் நெடுஞ்சாலை நேரே டெக்சாஸ் மெடிக்கல் சென்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதை விட்டுவிட்டு இந்த வளர்ச்சியை விளக்க முடியாது. எங்கள் ஆட்கள் பலர் இங்கே வீடு வாங்கியதற்கும் அதே காரணம்.

மக்லீன் வீதி மீனாட்சி அம்மன் கோயிலும் மானிடப் புவியியலுக்கு நல்ல கேள்விதான். 1970களின் கடைசியில் தொடங்கிய வேலை, 1982இல் பெரிய கோயிலின் குடமுழுக்கு. அப்போது இந்த இடம் அநேகமாக வயலும் வெளியும். மதுரை அம்மனுக்கு இங்கே ஏன் இடம்? அன்றைய நிலவிலை, நகரத்திலிருந்து தூரம், மெடிக்கல் சென்டரிலும் நாசா விண்வெளி மையத்திலும் வேலைசெய்தவர்கள் குடியிருந்த திசைகள் ஆகியவற்றை ஒரு பிள்ளை அடுக்கிப் பார்த்தால், தவணைக் கட்டுரை ஒன்று தானே எழும். கோயில் வந்தபின் அதைச் சுற்றி யார் வந்தார்கள் என்பது அடுத்த கட்டுரை.

பேர்லேண்டின் நிலம் கடலோரச் சமவெளி. மைலுக்கு ஓரிரு அடி சரிவுகூட இருக்காது. வடக்கு எல்லையோடு ஓடும் கிளியர் கிரீக் ஓடைதான் மழைநீரைக் கல்வெஸ்டன் குடாவுக்குக் கொண்டுபோகிறது. பக்கத்து ஊரான அல்வினில் 1979 ஜூலை கடைசி வாரத்தில், குளோடெட் என்ற புயல் நின்று பொழிந்தபோது 24 மணித்தியாலத்தில் 42 அங்குலம், அதாவது 1,067 மில்லிமீற்றர் மழை பதிவானது. யாழ்ப்பாணத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதே சுமார் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர்தான். அது அமெரிக்காவின் ஒரு நாள் மழைச் சாதனையாக 2018 வரை நின்றது; பிறகு ஹவாயில் ஓரிடம் முந்தியது. 2017 ஆகஸ்டில் ஹார்வி வந்தபோது, டெக்சாஸின் நெடர்லண்டில் அந்தப் புயல் முழுவதற்குமாக 60.58 அங்குலம் பதிவானது. கிளியர் கிரீக் கரைமீறிக் கீழே பிரண்ட்ஸ்வூட் வரை வீடுகளுக்குள் புகுந்தது.

வீடு வாங்கப் போகும் எவரும் "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரும், 2017இல் வந்துவிட்டது, இனி எங்கள் காலத்தில் இல்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்களைக் கோயில் மண்டபத்தில்கூடக் காணலாம். அந்தச் சொல்லின் பொருள் வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அப்படிப்பட்ட வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அது. 30 ஆண்டு வீட்டுக்கடன் எடுத்தால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு நூற்றில் 26. ஏறத்தாழ நாலில் ஒன்று. போதாததற்கு அந்த நூறாண்டு மழை எவ்வளவு என்பதும் மாறிவிட்டது. 2018இல் அமெரிக்க வளிமண்டல ஆய்வு அமைப்பு டெக்சாஸ் மழைக் கணக்கைத் திருத்தியபோது, ஹூஸ்டன் பகுதியில் 24 மணித்தியாலத்துக்குச் சுமார் 13 அங்குலமாக இருந்தது சுமார் 18 அங்குலமானது. பழைய அளவை வைத்து வரைந்த வெள்ள வரைபடத்தில் கோட்டுக்கு வெளியே இருக்கும் வீடு, புதிய அளவில் உள்ளே வரக்கூடும்.

கூட்டாட்சி நிறுவனமான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில், கடன் கொடுப்பவர் வெள்ளக் காப்புறுதியைக் கட்டாயமாக்கும் வலயங்கள் உண்டு. கோட்டுக்கு ஓரடி வெளியே என்றால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதை ஆபத்தில்லை என்று எடுத்துக்கொண்டு, ஹார்வியில் எல்லாம் இழந்தவர்கள் பலர். சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளத்தை ஏற்காது. தேசிய வெள்ளக் காப்புறுதி வாங்கினாலும் பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். புயல் வளைகுடாவுக்குள் வந்தபின் வாங்கிப் பயனில்லை. இவ்வளவையும் ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை பௌதிகப் புவியியல் வகுப்பின் ஆறு வாரத்தில் படித்துவிடும். வீட்டு முகவர் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவருக்கு வீடு விற்க வேண்டும்.

புதுக் குடியிருப்புகளின் நடுவே நீரூற்றும் நடைபாதையுமாக இருக்கும் குளங்களை அழகுக்கு வெட்டியவை என்று நினைப்போம். பெரும்பாலானவை மழைநீர் தடுத்துவைக்கும் குளங்கள். கூரையும் கொங்கிறீற்றுமாகிவிட்ட நிலம் தண்ணீரைக் குடிக்காது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடைக்குப் பாயாமல் சில மணிநேரம் பிடித்து வைத்து, மெல்ல விடுவதே அவற்றின் வேலை. யாழ்ப்பாணத்துக் குளமும் மழையைப் பிடித்து வைக்கிறதுதான். ஆனால் அங்கே நோக்கம் நேரெதிர்: தண்ணீரை ஓடவிடாமல் நிலத்துக்குள் இறக்கிக் கிணறுகளை நிரப்புவது. மாரியில் தேக்காத குளம் கோடையில் வற்றிய கிணறு. ஒரே வடிவம், இரண்டு வேலை. இப்படி ஒப்பிடுவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓரிடம்தான்.

இந்த ஒப்பீட்டை நிலத்தடி நீரில் இன்னும் ஆழமாகச் செய்யலாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் உப்பு ஏறும். கரையோரக் கிணறுகள் உவர்த்துப்போன கதை எல்லா ஊரிலும் உண்டு. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" திட்டம் இதற்குத் தீர்வு தேடியதே: கடனீரேரிகளை நன்னீராக்கி, நிலத்தடி நீரைத் தாங்குவது.

ஹூஸ்டனிலும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரையே இறைத்தார்கள். ஆனால் அடியில் இருப்பது மணலும் களியும் மாறி மாறி அடுக்கிய படிவு. நீர் போனதும் களிப்படை நசுங்குகிறது. நசுங்கினது திரும்ப எழும்பாது. மேலே நிலம் தாழ்கிறது. பசடீனா, பேடவுன் பக்கங்களில் 1970களின் இறுதிக்குள் ஒன்பது, பத்து அடி வரை தாழ்ந்தது. பேடவுனில் பிரவுன்வூட் என்ற வசதியான கரையோரக் குடியிருப்பு கடல்மட்டத்தை நெருங்கி, 1983இல் அலிஷியா சூறாவளியோடு முடிந்துபோனது. இன்று அந்த இடம் பறவை பார்க்கப் போகும் இயற்கைப் பூங்கா. 1975இலேயே நிலத்தாழ்வைக் கட்டுப்படுத்த ஹரிஸ், கல்வெஸ்டன் கவுண்டிகளுக்கு ஒரு தனி அதிகார சபையை மாநிலம் அமைத்திருந்தது. இறைப்பு ஒன்றுதான், கீழே இருக்கும் பாறை வேறு என்பதால் அங்கே கிணறு உவர்த்தது, இங்கே ஊர் தாழ்ந்தது.

மண்ணிலும் இப்படியொரு உறவு இருக்கிறது. பேர்லேண்டில் கோடையில் வீட்டின் அத்திவாரத்தைச் சுற்றிக் குழாய் போட்டுத் தண்ணீர் விடும் அயலவரைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் சிரிப்பதுண்டு. காரணம் கறுப்புக் களி. ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அத்திவாரமும் கூடவே வெடிக்கும். மண்ணியலார் இந்த வகையை வேர்ட்டிசோல் என்பார்கள். மன்னார்ப் பக்கத்து முருங்கன் களியும் இதே குடும்பம்; ஊர்ப் புத்தகங்களில் குருமுசோல் என்று படித்திருப்பீர்கள். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் அது நெல்லுக்குப் பேர்போனது, ஏனென்றால் வீங்கிய களி தண்ணீரைக் கீழே விடாது. அதே காரணத்தால் டெக்சாஸ் கரையோரமும் நெல் விளைந்த நிலம். பேர்லேண்டுக்குக் கிழக்கே வெப்ஸ்டரில், ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இருந்தவரான செய்தோ சைபாரா 1903இல் வந்து நெற்பண்ணை தொடங்கினார். முருங்கன் விவசாயி ஒருவரை அன்று அங்கே இறக்கிவிட்டிருந்தால், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே என்ன விதைப்பது என்று சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட அறிவு எங்கள் சமூகத்தில் பாடமாகவும் வேரூன்றியிருந்தது என்பது மறந்துபோகிறது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலேயே புவியியலும் அங்கே துறையாக வந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் கா. குலரத்தினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் பொ. பாலசுந்தரம்பிள்ளை புவியியலாளர். உயர்தரத்தில் தமிழில் புவியியல் படித்தவர்களுக்கு க. குணராசாவின் புத்தகங்கள் இல்லாத மேசை இருந்திருக்காது. அதே குணராசாதான் செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவர். பேராதனையில் புவியியல் படித்து, நிர்வாக சேவையில் வன்னியில் பணியாற்றியவர், 2016இல் மறைந்தார். 1978இல் திரைப்படமாகவும் வந்த அவருடைய "வாடைக்காற்று" நெடுந்தீவுக்குப் பருவத்தோடு வந்து வாடி அமைக்கும் மீனவரின் கதை. காற்று எப்போது திரும்பும், மீன் எப்போது வரும், மனிதர் எப்போது பெயர்வார்கள் என்று தெரிந்தவர் எழுதியதால் அந்தத் தலைப்பு வெறும் அலங்காரமாக இல்லை. துணையாக ஒரு பாடத்தைக் கற்றால் அது முதன்மை வேலைக்குள் எப்படி இறங்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த தமிழ் உதாரணம் அவர்தான். அவருக்கு எது முதன்மை, எது துணை என்று சொல்வதும் கடினம்.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். புவியியல் மைனர் மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது சிரமம். மேஜரோடு சேரும்போதுதான் அதன் பெறுமதி. கணினி படித்தவர் இடம்சார் தரவுத்தளம் தெரிந்திருந்தால், குழாய்வழி, மின்கம்பி, விநியோகம், காப்புறுதி என்று ஹூஸ்டனில் எல்லாத் துறையும் வரைபடத்தின்மேல்தான் ஓடுகிறது. நகரத் திட்டமிடலுக்கும் இங்கே சுவையான ஆய்வுக்களம் உண்டு: ஹூஸ்டன் நகரத்துக்கு வலய ஒழுங்குச் சட்டம் இல்லை, பேர்லேண்டுக்கு உண்டு. எல்லையைக் கடந்து வாகனம் ஓட்டினாலே வித்தியாசம் தெரியும்.

மருத்துவத்தை நோக்கும் பிள்ளைகளுக்கும் இது வீண் சுமையல்ல. 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர் வாந்திபேதி மரணங்களைத் தெருப்படத்தில் குறித்து, ஒரு தண்ணீர்ப் பம்பியைக் காட்டினார். தொற்றுநோயியல் பாடம் இன்றும் அங்கிருந்துதான் தொடங்கும். மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சையான எம்கெட்டில் 2015 முதல் சமூகக் காரணிகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த அஞ்சல் குறியீட்டில் வாழ்கிறோம் என்பது ஆயுளை எப்படிப் பாதிக்கும் என்பது மானிடப் புவியியலின் அன்றாடக் கேள்வி. 2001 ஜூனில் அலிசன் புயலின்போது டெக்சாஸ் மெடிக்கல் சென்டரின் நிலக்கீழ்த் தளங்களுக்குள் வெள்ளம் புகுந்து, மின்வழங்கல் கருவிகளும் ஆய்வுகூடங்களும் மூழ்கி, நோயாளரை வெளியேற்ற வேண்டிவந்தது. உலகின் மிகப் பெரிய மருத்துவ வளாகம் ஓர் ஓடையின் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது என்பதும் மருத்துவ அறிவுதான்.

சட்டம் படிக்க விரும்புவோருக்கு ரொபேர்ட் புல்லார்டின் கதை. ஹூஸ்டனில் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர். 1979இல் நோர்த்வூட் மேனர் என்ற கறுப்பினத்தவர் குடியிருப்புக்கு அருகே குப்பைமேடு வருவதை எதிர்த்து, சட்டத்தரணியான அவருடைய மனைவி லிண்டா வழக்குத் தொடுத்தார். கணவரிடம் அவர் கேட்டது ஒரு வரைபடம். புல்லார்ட் தம் மாணவர்களோடு பழைய பதிவுகளைத் தேடி, நகரத்தின் குப்பைமேடுகள் ஒவ்வொன்றும் எங்கே என்று குறித்தார். நகரசபைக்குச் சொந்தமான ஐந்தும் கறுப்பினத்தவர் பகுதிகளில்; நகரச் சனத்தொகையில் அவர்கள் நாலில் ஒரு பங்கினர்தான். வழக்குத் தோற்றது. அந்த வரைபடத்திலிருந்து சுற்றுச்சூழல் நீதி என்ற துறையே பிறந்தது. காணி, எல்லை, இடப்பெயர் என்று வாழ்நாள் முழுவதும் பேசிவரும் எங்கள் மக்களுக்கு, "எங்கே" என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்கும் வடிவில் காட்டத் தெரிந்த பிள்ளைகள் தேவை. உணர்ச்சியோடு சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்துபோகும் அதிகாரி, அளவிட்ட படத்தை மேசையில் வைத்தால் உட்கார்ந்து பார்ப்பார்.

மேல்வகுப்புப் பாடங்களில் ஒரு தவணை ஆய்வு எழுத வேண்டியிருக்கும். தலைப்பைப் பிள்ளையே தெரிவு செய்யலாம். இங்கேதான் வீட்டிலுள்ளவர்கள் உதவ முடியும். ஊரில் எந்தக் கிணறு நன்னீர், எந்தக் கிணறு உவர், எந்த ஒழுங்கையில் மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், எந்தத் தறை புகையிலைக்கு, எது தோட்டத்துக்கு என்பதெல்லாம் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் தெரியும். செய்மதிப் படத்தைத் திரையில் விரித்து அவர்களை அருகில் இருத்தினால், அரை மணித்தியாலத்தில் இருபது இடப்பெயர்கள் வரும். அவற்றில் பல எந்த அச்சிட்ட படத்திலும் இல்லாதவை. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற திறந்த வரைபடங்களில், அயலிலும் ஊரிலும் உறுதிசெய்த பின் அவற்றைத் தமிழிலேயே பதியலாம். பேராசிரியர்களுக்கு இப்படி நேரடியாகத் திரட்டிய தரவு அருமையானது. பெரியவர்களின் காலம் நீளும் என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நடைமுறை ஒழுங்கு இதுதான். 9ஆம் வகுப்பிலோ அதற்குப் பிறகோ ஏ.பி. மானிடப் புவியியல் கிடைத்தால் எடுக்கட்டும். பல்கலைக்கழக முதலாண்டில் 1301ஐ எடுத்துப் பார்த்து, பிடித்தால் மட்டும் தொடரட்டும். பல இடங்களில் அது அடிப்படை விஞ்ஞானப் பாடமாகவும் கணக்கில் வரும் என்பதால், பிடிக்காவிட்டாலும் நட்டமில்லை. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மைனரைப் பதிவுசெய்வது நல்லது, ஏனென்றால் தகவல் முறைமைப் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே எடுக்க முடியும். கடைசி ஆண்டில் தொடங்கினால் முடியாது. மேல்வகுப்புப் பாடங்கள் எத்தனை வேண்டும், மேஜருக்கும் மைனருக்கும் ஒரே பாடத்தை இரண்டு பக்கமும் எண்ணலாமா, குறைந்தபட்சப் புள்ளி என்ன என்ற மூன்றையும் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கிடையில், வீட்டு முகவரியை ஃபீமாவின் வரைபட இணையத்தளத்தில் இட்டால் உங்கள் வீடு எந்த வலயத்தில் இருக்கிறது என்று காட்டும். கட்டணம் இல்லை. சூறாவளிப் பருவம் ஜூன் 1 தொடங்குகிறது. காப்புறுதியின் 30 நாளையும் சேர்த்துக் கணக்கிட்டால், பார்ப்பதற்கு ஏற்ற மாதம் ஏப்ரல்.